கரணை பிடித்த கதை

வடபழனியில் பழைய வீடு ஒன்றை வைத்துக்கொண்டிருப்பவர்களுக்கு யோசனை சொல்வதற்கு ஆள் பஞ்சம் என்றுமே ஏற்பட்டதில்லை. ஆற்காடு சாலைக்குக் காய்கறி வாங்கப் போய்த் திரும்புவதற்குள் நாலு பேர் நாலு யோசனை சொல்லிவிடுவார்கள். நாலும் சாராம்சத்தில் ஒன்றுதான். "இடித்துத் தள்ளுங்கள்; அடுக்குமாடி கட்டுகிறவர்களிடம் நிலத்தைக் கொடுங்கள்; கையை வீசிக்கொண்டு இரண்டு வருஷம் கழித்து வந்து குடியேறுங்கள்!" சொல்கிறவர்களைக் குறை கூறுவதற்கில்லை. 2015-ஆம் வருஷத்தில் மெட்ரோ ரயில் இந்தப் பக்கம் ஓட ஆரம்பித்ததிலிருந்து இங்கே மண்ணுக்கு இருக்கும் மதிப்பு, அதன்மேல் நிற்கும் வீட்டுக்கு இல்லை.

நம் வீடு 1958-ஆம் வருஷத்தில் பாட்டனார் கட்டியது. பதினோரு அடி உயரமுள்ள கூடம், தேக்கு நிலை, கண்ணாடி போல் வழவழப்பான சிவப்புக் காவித் தரை. அந்தத் தரைதான் சங்கடத்துக்குக் காரணமாயிற்று. சென்னையில் பழைய தெருக்களில் வசிப்பவர்களுக்கு இந்த அதிசயம் தெரிந்திருக்கும். பாட்டனார் வீடு கட்டியபோது தெருவிலிருந்து மூன்று படி ஏறி உள்ளே போக வேண்டும். பிறகு தெருவுக்கு மறுபடி மறுபடி தார் போட்டார்கள். பழையதைச் சுரண்டி எடுக்காமலே அதன் தலைமேல் புதியதைப் போட்டார்கள். மூன்று படி இரண்டாயிற்று, இரண்டு ஒன்றாயிற்று. கடைசியில் தெருவும் கூடமும் சம அந்தஸ்து பெற்றுவிட்டன. 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் தெருத் தண்ணீர் அழைப்பில்லாமலே உள்ளே வந்து, சில நாள் தங்கியிருந்து போயிற்று. அது போன பிறகு தரை ஓரிடத்தில் உப்பி, ஓரிடத்தில் அமுங்கி, நடுவில் நீளமாக ஒரு வெடிப்பும் விட்டுவிட்டது.

தாயாருக்கு வயது எண்பத்திரண்டு. இந்தக் கூடத்துக்கு மணப்பெண்ணாக வந்தவர். காலையில் வாசல் தெளிப்பதிலிருந்து இரவு விளக்கணைப்பது வரையில் வெறுங்காலுடன் நடந்து நடந்து, அந்தக் காவித் தரையைப் பளபளப்பாக்கியவர்களில் முதன்மையானவர். வெடிப்பு விட்ட தரையில் அவர் தடுமாறாமல் நடப்பது எப்படி என்பதுதான் எங்களுக்கு முதற் கவலை. வீட்டை இடித்தால் இரண்டு வருஷம் வாடகை வீட்டில் இருக்க வேண்டும். "அந்த இரண்டு வருஷத்தை எனக்கு யார் திருப்பித் தருவார்கள்?" என்று அவர் கேட்டார். அதற்குப் பிறகு அடுக்குமாடிப் பேச்சு நம் வீட்டில் எழவில்லை. தரையை உயர்த்திப் புதிதாகப் போடுவது என்றும், வெள்ளத்தில் ஊறிப் பிளந்துபோன சமையலறை அலமாரிகளை மாற்றுவது என்றும் தீர்மானமாயிற்று. முடிந்த வரையில் நம் கையாலேயே செய்வது என்பது இரண்டாவது தீர்மானம்.

இங்கே ஒன்று சொல்லிவிட வேண்டும். இந்தக் கட்டுரையில் வரும் 'நாம்' பத்திரிகாசிரியர்கள் உபயோகிக்கும் கம்பீரமான 'நாம்' அல்ல. உண்மையிலேயே நாலு பேர்: குடும்பத் தலைவர், இல்லத்தலைவியார், கல்லூரியில் படிக்கும் பெண், பள்ளியில் படிக்கும் பையன். நால்வரில் யார் நன்றாக வேலை செய்தார் என்பது போகப் போகத் தெரியும்.

தரைக்கு என்ன போடுவது? கடைவீதிக்குப் போனால் பதில் தயாராக இருக்கிறது. இரண்டடிச் சதுரம், நாலடி நீளம் என்று பளபளவென்று அடுக்கி வைத்திருக்கும் டைல்ஸ்கள். அவற்றில் பெரும் பகுதி குஜராத்திலுள்ள மோர்பி என்னும் ஊரில் செய்யப்படுகிறவை. களிமண்ணையும் வேறு சில கனிஜப் பொடிகளையும் யந்திரத்தில் அழுத்தி, ஆயிரத்து இருநூறு டிகிரி அளவில் சூளையில் சுடுகிறார்கள். நூறு பங்கு எடைக்கு அரைப் பங்குத் தண்ணீரைக் கூட அது குடிக்காது. கறை பிடிக்காது, சீக்கிரம் போட்டு முடிக்கலாம். அதுவும் நம் தேசத்துப் பொருள்தான். ஆகையால் அந்நியச் சாமான் என்று அதன்மேல் பழி சுமத்துவதற்கு இடமில்லை. ஆனால் சென்ற வருஷம் உறவினர் வீடொன்றில் அப்படிப்பட்ட தரையில் ஈரத்தின்மேல் கால் வைத்து, தாயார் மணிக்கட்டை முறித்துக்கொண்டார். "முகம் பார்க்க எனக்குக் கண்ணாடி இருக்கிறது. தரை நடப்பதற்கு இருந்தால் போதும்" என்று அவர் சொல்லிவிட்டார்.

ஆத்தங்குடிக் கல் என்ற எண்ணம் அப்போதுதான் வந்தது.

சிவகங்கை மாவட்டத்தில் காரைக்குடிக்கு அருகே உள்ள சிற்றூர் ஆத்தங்குடி. செட்டிநாட்டுப் பெரிய வீடுகளைப் பார்த்தவர்களுக்கு அந்த ஊர்த் தரைகளைத் தெரிந்திருக்கும். அந்த வீடுகளுக்குப் பர்மாவிலிருந்து தேக்கு வந்தது. இத்தாலியிலிருந்து சலவைக்கல் வந்தது. ஜப்பானிலிருந்து பூப்போட்ட ஓடுகள் வந்தன. இவ்வளவும் கப்பலேறி வந்த இடத்தில், உள்ளூர் மணலையும் சிமெண்டையும் வைத்துக்கொண்டு, ஆத்தங்குடிக் கைவினைஞர்கள் தங்கள் கல்லையும் அதே கூடங்களில் பதித்துவிட்டார்கள். சீமைச் சாமான்களுக்கு நடுவே அது தாழ்ந்து போகவில்லை என்பதுதான் விசேஷம்.

சிமெண்டுக் கல்லுக்கும் சுதேசியத்துக்கும் உள்ள உறவு பழையது. ஒரு காலத்தில் நம் நாட்டுக்குச் சிமெண்டே கப்பலில்தான் வந்துகொண்டிருந்தது. 1904-ஆம் வருஷத்தில் இதே சென்னையில் சிமெண்டு செய்யும் முயற்சி ஒன்று நடந்தது, அது நீடிக்கவில்லை. 1914-ல் காந்தி மகான் பிறந்த ஊராகிய போர்பந்தரில் ஏற்பட்ட ஆலைதான் நிலைத்து நின்றது. அதற்கு எட்டு வருஷம் கழித்து, 1922-ல், பம்பாயில் சித்வா என்ற பார்ஸிக் குடும்பத்தார் வர்ணச் சிமெண்டுத் தளக்கற்கள் செய்யத் தொடங்கினார்கள். ஐரோப்பாவிலிருந்து வரும் கல்லுக்குச் சமமாக இங்கேயே செய்து காட்ட வேண்டும் என்பதே அவர்களுடைய நோக்கம். கராச்சி நகரத்துத் தலைவர் ஜம்ஷெட் மேத்தா அவர்களைத் தூண்டிவிட்டவர். உப்புக் காய்ச்சியதையும் ராட்டை சுற்றியதையும் எல்லோரும் ஞாபகம் வைத்திருக்கிறோம். தரைக்குப் பதிக்கும் கல்லிலும் ஒரு தேசாபிமானம் இருந்தது என்பதைப் பலர் அறியமாட்டார்கள்.

எழும்பூரில் ரயிலேறிக் காரைக்குடிக்குப் போய், அங்கிருந்து ஆத்தங்குடிக்குச் சென்றோம். கடையில் பார்க்கும் கல் வேறு. பிறக்கும் இடத்தில் பார்க்கும் கல் வேறு. கூரைக்குக் கீழே வரிசையாக உட்கார்ந்து வேலை செய்கிறார்கள். சூளை இல்லை, அழுத்துகிற யந்திரமும் இல்லை. முதலில் ஒரு கண்ணாடிச் சதுரத்தைச் சுத்தமாகத் துடைத்து வைக்கிறார்கள். அதைச் சுற்றி ஓர் இரும்புச் சட்டம். சட்டத்துக்குள் ஒரு தகட்டு அச்சு. பூவுக்கு ஓர் அறை, இலைக்கு ஓர் அறை, கொடிக்கு ஓர் அறை என்று பிரித்திருக்கும். வெள்ளைச் சிமெண்டில் வர்ணப் பொடி கலந்த குழம்பைக் கரண்டியால் எடுத்து அந்தந்த அறையில் விடுகிறார்கள். பாயசம் பரிமாறுகிற லாகவம்! பிறகு அச்சை நேராக மேலே தூக்குகிறார்கள். அந்தக் கணத்தில் வர்ணங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொள்கின்றன, ஆனால் கலந்துவிடுவதில்லை. கை கொஞ்சம் ஆடினால் பூ கலைந்துவிடும்.

அதன்மேல் உலர்ந்த சிமெண்டும் மணலும் கலந்த தூளைத் தூவுகிறார்கள். அது ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அதற்கும் மேலே ஈரக் கலவையை நிரப்பி, கரணையால் அழுத்திச் சமன் செய்து ஒதுக்கி வைக்கிறார்கள். கொஞ்சம் இறுகிய பிறகு நாட்கணக்காகத் தண்ணீர்த் தொட்டியில் வாசம். பிறகு வெயிலில் காய்ந்ததும் கண்ணாடி தானே விடுபட்டு வந்துவிடுகிறது. அதுவரை தலைகீழாகக் கிடந்த கல்லைத் திருப்பிப் பார்த்தால், கண்ணாடியின் வழவழப்பைத் தன் முகத்தில் வாங்கிக்கொண்டு பூ சிரிக்கிறது. செய்தவரே தம் வேலையின் முகத்தை அப்போதுதான் முதன்முதலில் பார்க்கிறார். எந்த இரண்டு கல்லிலும் பூ ஒரே மாதிரி இல்லை. ஓர் இதழ் சற்றுப் பருத்திருக்கும். ஒரு கோடு சற்று நெளிந்திருக்கும். இந்தப் பூக்களை அப்படியே படம் பிடித்து யந்திர ஓட்டில் அச்சடித்து இப்போது கடைகளில் விற்கிறார்கள். அதற்கும் 'ஆத்தங்குடி டிசைன்' என்றே பெயர்! அதில் எல்லாப் பூவும் ஒன்றுபோலவே இருக்கும். கைவினைஞருடைய நெளிந்த கோட்டையும் சேர்த்தே படம் பிடித்து ஆயிரம் தடவை அச்சடித்திருப்பதைப் பார்த்தபோது நமக்குச் சிரிப்பும் வந்தது, வருத்தமும் வந்தது. விலையில் அந்த அச்சு ஓட்டுடன் இவர்கள் போட்டி போட வேண்டியிருக்கிறது.

இனிக் கணக்குப் பாடம். நம் கூடம் பன்னிரண்டடிச் சதுரம். அதாவது 144 அங்குலம். கல் பத்து அங்குலச் சதுரம். பரப்பை வகுத்துப் பார்த்தால் 208 கல் போதும் என்று வரும். பையன் அப்படித்தான் கணக்குப் போட்டான். நமக்குச் சொல்லிக்கொடுக்க ஒப்புக்கொண்ட முதிய கொத்தனார் தலையை ஆட்டினார். ஒரு சுவரிலிருந்து தொடங்கிப் பதினாலு முழுக்கல் வைத்தால் மறு சுவரோரம் நாலு அங்குலம் மிஞ்சும்; ஒரு பக்கம் முழுப் பூ, மறு பக்கம் காம்பு மட்டும். நடுவிலிருந்து பதினாலு வைத்தால் இரு பக்கமும் இரண்டிரண்டு அங்குலக் கீற்று. "ரிப்பன் கட்டினாப்பல இருக்கும், ஐயா" என்றார். அவர் யோசனை: நடுவில் பதின்மூன்று முழுக்கல், 130 அங்குலம். மிச்சம் பதினாலு அங்குலத்தை இரண்டாகப் பிரித்து, சுவரோரத்தில் ஏழேழு அங்குலத் துண்டு. பார்வைக்கு நிறைவாக இருக்கும். மிகச் சிறிய துண்டும் வராது. ஆனால் வரிசைக்குப் பதினைந்து கல் ஆகிறது. ஆகவே பதினைந்து பதினைந்து 225. உடைசலுக்குச் சேர்த்து 240 வாங்கினோம். கல் ஒன்று ஏறக்குறைய மூன்று கிலோ எடை. எழுநூறு கிலோவை வாசலிலிருந்து கூடத்துக்குச் சுமந்த ஞாயிற்றுக்கிழமையை நால்வரும் மறக்கமாட்டோம்.

லாரி வந்து நின்றபோது ஒரு விஷயம் நினைவுக்கு வந்தது. காரைக்குடியிலிருந்து வடபழனிக்கு இந்த வழி புதிதல்ல. மெய்யப்பச் செட்டியாரின் ஏ.வி.எம். ஸ்டூடியோ யுத்த காலத்துக்குப் பிறகு காரைக்குடியில்தான் நடந்துகொண்டிருந்தது. பாரதியாரின் பாடல்களை ஊரெங்கும் ஒலிக்கச் செய்த 'நாம் இருவர்' படம் அங்கே எடுக்கப்பட்டு, 1947 ஜனவரியில் வெளிவந்தது. மறு வருஷம் ஸ்டூடியோவையே மூட்டை கட்டிக்கொண்டு ஆற்காடு சாலைக்கு வந்தார்கள். அவர்கள் கொண்டுவந்த மூட்டையோடு ஒப்பிட்டால் நம்முடைய 240 கல் எம்மாத்திரம்?

தரையை ஆறு அங்குலம் உயர்த்தி, செங்கல் ஜல்லி கொட்டிக் கெட்டித்து, கான்கிரீட் போடும் முரட்டு வேலையைக் கொத்தனாரின் ஆட்களே செய்தார்கள். பதினோரடி உயரக் கூடமானதால் ஆறு அங்குலம் போனது தெரியவில்லை. கதவுகளின் அடியைத்தான் வெட்ட வேண்டியிருந்தது. கல் பதிப்பது நம் பங்கு. முதலில் கற்களைத் தண்ணீரில் நனைக்க வேண்டும். உலர்ந்த கல், கலவையிலுள்ள ஈரத்தை உறிஞ்சிவிடும், பிறகு பிடிப்பு இராது. சிமெண்டு ஒரு பங்கு, மணல் ஐந்து பங்கு. கலவையைப் பரப்பி, மட்டப்பலகையால் இழுத்து, சிமெண்டுப் பால் தெளித்து, கல்லை மெதுவாக இறக்கி, கொட்டாப்புளியால் தட்ட வேண்டும். நாலு மூலையிலும் ரசமட்டம் வைத்துப் பார்க்க வேண்டும். விரலால் சுண்டினால் கல் 'டக்' என்று சொல்ல வேண்டும். 'பொட்' என்றால் அடியில் பொள்ளல், எடுத்து மறுபடி வைக்க வேண்டும். மேலே சிந்திய சிமெண்டை உடனே ஈரத் துணியால் துடைத்துவிட வேண்டும். விட்டுவிட்டால் பூவின்மேல் சாம்பல் பூசியதுபோல் நிரந்தரமாகத் தங்கிவிடும்.

முதல் நாள் காலை ஏழு மணிக்கு ஆரம்பித்துப் பிற்பகல் வரையில் ஒன்பது கல் வைத்தோம். கொத்தனார் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, கையை மடியில் கட்டிக்கொண்டிருந்தார். அந்தக் கைகள் படும் பாட்டைப் பார்க்க வேண்டுமே! கல்லைப் பிடுங்கித் தாமே வைத்துவிடத் துடித்தன. நால்வரில் கை தேர்ந்தவர் இல்லத்தலைவியார்தான். இருபத்தைந்து வருஷமாக வாசலில் புள்ளிக்கோலம் போட்டவருக்கு நேர்க்கோடு என்பது கண்ணிலேயே இருக்கிறது. நூல் கட்டிப் பார்ப்பதற்கு முன்பே, "அது ஒரு நூல் வலது பக்கம் போயிருக்கிறது" என்பார். கட்டிப் பார்த்தால் போயிருக்கும். பெண், கல் வெட்டும் யந்திரத்தை எடுத்துக்கொண்டாள். தண்ணீர் விட்டுக்கொண்டே வெட்ட வேண்டும், மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ள வேண்டும் என்பது கொத்தனாரின் கண்டிப்பான உத்தரவு. மணல் தூள் நுரையீரலில் போய் உட்கார்ந்தால் திரும்பி வராது. "எங்க காலத்துல யாரும் சொல்லலேம்மா" என்று சொல்லிவிட்டு அவர் இருமியபோது, பெண் வெட்டுவதை நிறுத்திவிட்டு அவரையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை பென்ஷன் வாங்கும் அண்டை வீட்டு நண்பர் வந்து எட்டிப் பார்த்தார். "என்ன ஸார் இது, கொத்தனாருக்குக் கொடுக்கப் பணமில்லையா?" என்று ஆரம்பித்தார். இல்லை என்று தெரிந்ததும் வேறு அஸ்திரத்தை எடுத்தார். "அப்படியானால் ஏழைத் தொழிலாளியின் பிழைப்பில் மண் போடுகிறீர்கள். இதுதான் உங்கள் சுதேசியமோ?"

முதற் கேள்விக்குச் சிரித்துவிடலாம். நம் சமூகத்தில் படித்தவன் கையில் சிமெண்டு ஒட்டினால் அது வறுமையின் அடையாளம். வார்தாக் கல்வித் திட்டத்தை 1937-ல் காந்திஜி முன்வைத்தபோது, கைத்தொழிலின் மூலமாகவே பிள்ளைகள் மற்றப் பாடங்களையும் கற்க வேண்டும் என்றார். அதை நாம் பாராட்டினோம். பிள்ளைகளை மட்டும் வேறு பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினோம். ஆனால் நண்பரின் இரண்டாவது கேள்வி சிரித்துத் தள்ளக் கூடியதல்ல. கூலிக்குச் செய்கிறவர் இருக்கும்போது வசதியுள்ளவன் தானே செய்வது, ஒருவருடைய சாப்பாட்டை எடுத்து வைத்துக்கொள்வது ஆகாதா?

நாம் செய்தது இதுதான். கொத்தனார் உட்கார்ந்திருந்த ஒவ்வொரு நாளுக்கும் முழுக் கூலி கொடுத்தோம். அவர் முதலில் வாங்க மறுத்தார். "சும்மா குந்திக்கினு இருந்ததுக்கா, ஐயா?" என்றார். நாற்பது வருஷத்து வித்தையைச் சொல்லிக் கொடுப்பது சும்மா உட்கார்ந்திருப்பதல்ல என்று விளக்க வேண்டியிருந்தது. கல்லூரியில் ஒரு மணி நேரம் பேசுகிறவரிடம் இப்படி யாரும் விளக்க வேண்டியதில்லை! ஆகவே பண விஷயத்தில் நமக்கு லாபம் ஒன்றுமில்லை. அவரே செய்திருந்தால் நாலு நாளில் முடிந்திருக்கும். நமக்கு எட்டு ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. சிக்கனத்துக்காகச் சொந்தக் கையால் செய்ய நினைப்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்த்துக்கொள்ளட்டும்.

லாபம் வேறு இடத்தில் இருந்தது. தஞ்சாவூரில் பிறந்து, சீமையில் கணக்குப் படித்து, 1934-ல் தொடங்கிய அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கத்தைக் காந்திஜியின் விருப்பப்படி நடத்தியவர் ஜே.ஸி. குமரப்பா. ஒரு பொருளை வாங்குகிறவன், அது எப்படிச் செய்யப்பட்டது, செய்தவனுக்கு என்ன கிடைத்தது என்பதற்கும் பொறுப்பாளி என்று அவர் விடாமல் சொல்லி வந்தார். படிக்கும்போது இது பெரிய தத்துவம் போல இருக்கும். முழங்காலிட்டு இருபது கல் வைத்துவிட்டு எழுந்திருக்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது அது வெறும் கணக்காகிவிடுகிறது. ஆத்தங்குடியில் முதல் தடவை கல் வாங்கியபோது நாம் கல்லுக்கு இரண்டு ரூபாய் குறைத்துக் கேட்டோம், அவர்களும் குறைத்தார்கள். தாயாரின் அறைக்காக இரண்டாம் தடவை கல் வாங்கியபோது அந்தப் பேச்சை எடுக்க யாருக்கும் வாய் வரவில்லை.

அலமாரி விஷயம். வெள்ளத்தில் போனவை சில வருஷங்களுக்கு முன் வாங்கியவை. மரத்தூளைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை. மேலே வழவழப்பான காகிதம் ஒட்டியிருந்தது. தண்ணீரில் நின்றதும் ஊறிய பிஸ்கோத்து மாதிரி உப்பிவிட்டது. இந்தத் தடவை மரத்தாலேயே செய்வது என்று தீர்மானித்தோம். மரமும் வந்தது. அடுத்த தெருவில் இடித்த வீட்டின் கதவுகளும் ஜன்னல்களும் பழைய மரக்கடையில் அடுக்கியிருந்தன. பர்மாத் தேக்கு என்று கடைக்காரர் சத்தியம் செய்தார். நாம் நம்பவும் இல்லை, நம்பாமலும் இல்லை. ஆனால் இழைப்புளி பட்டதும் அறுபது வருஷத்துப் பெயிண்டுக்கு அடியிலிருந்து வந்த மணம் நல்ல தேக்கின் மணந்தான்.

இதற்கு வாய்த்த குரு, ஸ்டூடியோக்களில் 'செட்' போட்டு வயதான ஓர் ஆசாரியார். வடபழனியில் இப்படி எத்தனையோ பேர் இருந்தார்கள். தெருவுக்குத் தெரு தச்சர், பெயிண்டர், சிற்ப வேலைக்காரர். ஒரு காலத்தில் ஆசியாவிலேயே பெரியது என்று பேர் வாங்கிய விஜயா-வாஹினி ஸ்டூடியோவின் நிலத்தில் இப்போது ஆஸ்பத்திரியும் அங்காடியும் நிற்கின்றன. அரண்மனை கட்டியவர்கள் அதே தெருக்களில்தான் கதவு ரிப்பேர் செய்துகொண்டிருக்கிறார்கள். "தர்பார் மண்டபம் போட்டிருக்கேன், ஸார். இருபது நாள்லே பிரிச்சுடுவாங்க. நானே பிரிப்பேன். ஒரு ஆணி வளையாம எடுக்கணும், அடுத்த படத்துக்கு வேணுமே" என்று அவர் சொன்னார். நிலைத்திருக்க வேண்டிய சாமான் ஒன்றைச் செய்து பல காலமாயிற்று என்றும் சொன்னார். அப்படிச் சொன்னபோது அவர் குரலில் சந்தோஷமும் இருந்தது. சற்றுப் பயமும் இருந்தது.

சென்னையின் மரத்தைப் பற்றி அவரிடம் கற்ற பாடம் பெரிது. கார்த்திகை மழையில் மரம் பருக்கும். சித்திரை வெயிலில் ஒடுங்கும். அகலப் பலகையை நாலு பக்கமும் ஆணியடித்து இறுக்கினால் அது எங்காவது வெடித்தே தீரும். ஆகையால் மூன்று அங்குலச் சட்டம் நாலு. ஒன்றில் துளை, மற்றதில் நாக்கு. நாக்கைத் துளைக்குள் செருகி மர ஆணி. சட்டத்தின் உள் விளிம்பில் காடி எடுத்து, அதற்குள் பலகை. பலகைக்குப் பசையும் இல்லை, ஆணியும் இல்லை. பருக்கவும் ஒடுங்கவும் காடிக்குள் கொஞ்சம் இடம் விட்டிருக்கிறது. "கூட்டுக் குடும்பம் மாதிரிம்மா. கட்டியும் வைக்கணும், மூச்சு விடவும் இடம் விடணும்" என்று இல்லத்தலைவியாரிடம் ஆசாரியார் வியாக்கியானம் செய்தார். அவரும் தாயாரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். அந்தச் சிரிப்பின் முழு அர்த்தம் மற்ற மூவருக்கும் விளங்கவில்லை.

அலமாரிக்கு ஆறு அங்குல உயரக் கால். ஒவ்வொரு காலுக்கும் அடியில் ஒரு கருங்கல் துண்டு. மறுபடியும் தண்ணீர் வந்தால், வரட்டும் என்று சொல்ல முடியாது. ஆனால் வந்தால் மரத்துக்கு எட்டுவதற்கு முன்னால் நமக்குக் கொஞ்சம் அவகாசம் கிடைக்கும். முதல் அலமாரியை முடிக்க ஆறு வாரம் பிடித்தது. பையன் காடி எடுப்பதில் கெட்டிக்காரனாகிவிட்டான். பரீட்சையில் வாங்கும் மார்க்கைப் பற்றி இதே உற்சாகம் இருந்தால் தேவலை என்பது குடும்பத் தலைவரின் தனிப்பட்ட அபிப்பிராயம்.

தரையைப் பராமரிக்கும் முறையை, ஆத்தங்குடிக் கல் போட நினைக்கும் நேயர்களுக்காகச் சொல்லிவிடுகிறோம். புதிதில் உமியால் தேய்த்துத் துடைப்பார்கள். தேங்காயெண்ணெய் தடவி மெருகேற்றுவதும் உண்டு. வயதானவர்கள் நடமாடும் வழியில் எண்ணெய் வேண்டாம். கூடத்தில் நாம் எண்ணெயை விட்டுவிட்டோம்; மெருகு மெதுவாகவே வரட்டும். ஆசிட் ஊற்றிக் கழுவுவது கூடவே கூடாது. எலுமிச்சைச் சாறும் புளித்தண்ணீரும் சிந்தினாலும் உடனே துடைத்துவிட வேண்டும். புளிப்பு சிமெண்டை அரித்துவிடும். மற்றபடி வெறும் தண்ணீர் போதும். தினமும் மனிதர்கள் நடக்க நடக்கப் பளபளப்பு ஏறும் தரை இது.

இப்போது கூடமும் தாயாரின் அறையும் முடிந்திருக்கின்றன. விடியற்காலையில் அவர் ஒரு கையால் சுவரைத் தொட்டுக்கொண்டே நடக்கிறார். சுவரை ஒட்டிய ஏழு அங்குலத் துண்டுகளின் வரிசையே அவருக்குப் பாதை. மூன்றாவது வரிசையில் ஒரு பூவுக்கு இதழ் பருத்திருப்பதை நமக்கு முன்பே அவர் கண்டுபிடித்து, அதற்குப் 'பூரித்த பூ' என்று பெயரும் வைத்துவிட்டார். சமையலறையில் இரண்டாவது அலமாரிக்குச் சட்டங்கள் தயார். ஆசாரியாருக்கு முழங்கால் வலி, தை பிறந்து வருவதாகச் சொல்லியிருக்கிறார். கூடத்துக்கு வாங்கிய 240 கல்லில் லாரியில் உடைந்தவை ஆறு. மிஞ்சிய ஒன்பதைத் துணியில் சுற்றித் தாயாரின் கட்டிலுக்கடியில் அடுக்கி வைத்திருக்கிறோம். பையன் கேரம் பலகைக்குக் கீழே வைக்க இரண்டு கேட்டான், கொடுக்கவில்லை.